அந்த சூப்பைக் குடிக்காதே

ஆக்டாவுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. வெடிக்கப்போகிறது என்று தெரிந்தாலே கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். அதனால் அவள் சுடுகிற காட்சிகளையெல்லாம் முதுகுக்குப் பின்னாலிருந்தோ, சுவரில் விழும் நிழலாகவோதான் எடுப்பார்கள். ‘கொரின் ஸ்லேட் முகத்தைக்கூடக் காட்டாமல் கொல்கிறாள், என்ன கல்நெஞ்சம்!’ என்று பத்திரிகைக்காரர்கள் உருகி உருகி எழுதினார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பேப்பரைச் சுருட்டி யாரையாவது நாலு சாத்து சாத்தலாமா என்று அவளுக்கு இருக்கும்.

கொரின் ஸ்லேட் என்பது மெரிடியன் ஸ்டூடியோ வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது ஆக்டா நீஸ்ட்ரோம். டுலூத் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றுகிறவரின் இளைய மகள். அந்த ஊர்த் தேவாலயக் கூடத்தில் வருஷாவருஷம் போடும் நாடகத்தில் அவளுக்குச் சிரிப்பு வேஷம்தான். செவிட்டுச் சமையல்காரி, பேராசை பிடித்த அத்தை, கல்யாணத்தன்று காணாமல்போகும் மாப்பிள்ளையின் அம்மா. அவள் மேடைக்கு வந்து தொப்பியைச் சரிசெய்தாலே போதும், கப்பல்காரர்கள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான், நாம் சினிமாவில் பிழைத்துக்கொள்வோம் என்ற நம்பிக்கையோடு அக்கா ஹில்மாவையும் இழுத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸுக்கு ரயிலேறினாள்.

மெரிடியனில் முதல் நாள் அவளை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, கீழே இருந்து ஒரே ஒரு விளக்கைப் போட்டுப் படம் எடுத்தார்கள். ஸ்டூடியோ முதலாளி ஓட்டிஸ் பிராண்ட் அதைத் திரையில் பார்த்துவிட்டு, சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

“இது சிரிக்கிற மூஞ்சி இல்ல கண்ணு. புருஷனைக் கொல்ற மூஞ்சி.”

“நான் சிரிப்பா நடிப்பேன் சார். எங்க ஊர்ல கேட்டுப் பாருங்க.”

“உங்க ஊர்ல இந்த விளக்கு இருந்துச்சா?”

அத்தோடு முடிந்தது. அடுத்த எட்டு வருஷத்தில் அவள் எத்தனை புருஷன்களைக் கொன்றாள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது. ஒருவனைப் படகிலிருந்து தள்ளினாள், ஒருவனைக் காரோடு எரித்தாள், ஒருவனை அவன் தம்பியை விட்டே சுடவைத்தாள். எல்லாப் படத்திலும் தெரு ஈரமாக இருக்கும், ஜன்னல் தட்டியின் நிழல் முகத்தில் வரிவரியாக விழும், அவள் சிகரெட் பிடித்தபடி யாரையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். சிகரெட் புகை பட்டால் அவளுக்கு இருமல் வரும். ஒவ்வொரு முறையும் இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘ம், இப்ப எடுங்க’ என்பாள். கடைசியில் அவளும் சாகவேண்டும். கொலைகாரி தப்பித்தால் தணிக்கைக்காரர்கள் படத்தை வெளியே விடமாட்டார்கள். ஆகவே மாடியிலிருந்து விழுந்தாள், விஷவாயு அறைக்குப் போனாள், எண்ணெய்க் கிணற்றில் முங்கினாள்.

கொட்டகைக்குள் நடந்ததெல்லாம் கொட்டகையோடு நின்றிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வெளியேயும் அது பின்னாலேயே வந்தது. கறிக்கடையில் அவள் வரிசையில் நின்றால் முன்னால் இருக்கிற பெண்கள் புருஷனின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். தேவாலயத்தில் அவள் சுட்டுக்கொண்டுபோன ஏலக்காய் ரொட்டி அப்படியே திரும்பி வரும். இன்சூரன்ஸ் கம்பெனியில் டைப் அடிக்கிற ஹில்மாவிடம் அவளுடைய மேனேஜர் வாரத்துக்கு ஒருதரம், “என்ன மிஸ் நீஸ்ட்ரோம், உங்க தங்கச்சிக்குக் கல்யாணம்னா முன்னாடியே சொல்லிடுங்க, மாப்பிள்ளை பேர்ல பாலிசி குடுக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

கல்யாணம் ஒன்று கூடிவரும்போலத்தான் இருந்தது. வெண்டல் என்று ஒரு பல் டாக்டர். அமைதியான மனுஷன். இரண்டுமுறை வீட்டுக்குச் சாப்பிட வந்து, இரண்டாம் தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாம் முறை தன் அம்மாவை அழைத்துவந்தான். அந்த அம்மாள் ஆக்டா சமையலறைக்குப் போய் வருவதற்குள் தன் தட்டையும் ஆக்டாவின் தட்டையும் மாற்றிவைத்துவிட்டாள். ஹில்மா பார்த்துவிட்டாள்.

“தட்டு மாறிப்போச்சு போலிருக்கே?” என்று கேட்டாள்.

“எனக்கு ஜன்னல் பக்கம் இருக்கற தட்டுதான் பிடிக்கும்” என்றாள் அந்த அம்மாள், கொஞ்சமும் கூசாமல்.

அதற்குப்பிறகு வெண்டல் வரவில்லை. ஆக்டா பல்வலியோடு வேறு டாக்டரைத் தேடிப்போக வேண்டியிருந்தது.

பல்வலி தீர்வதற்குள் அடுத்த படத்துக்கான கதை வந்தது. முதல் பக்கத்திலேயே ஒரு பிணம். ஆக்டா அந்தக் காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிராண்டின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனாள்.

“மிஸ்டர் பிராண்ட், இன்னொரு புருஷனை நான் கொல்ல மாட்டேன்.”

“இதுல புருஷன் இல்லியே கண்ணு. மச்சினன்.”

“மச்சினனையும் கொல்ல மாட்டேன்.”

“சரி, லேசாத் தள்ளி விடு. அவனாச் செத்துக்கட்டும்.”

“எனக்குச் சிரிப்புப் படம் வேணும். எட்டு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“யாரு சிரிப்பாங்க? நீ வாயத் திறந்தா ஜனங்க கதவு எங்க இருக்குன்னு பாக்கறாங்க.”

ஆக்டா காகிதக் கட்டை அவர் மேஜையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளே ஸ்டூடியோ அவளைச் சஸ்பெண்ட் செய்தது. சம்பளமும் கிடையாது, ஒப்பந்தம் இருப்பதால் வேறு ஸ்டூடியோவுக்கும் போகமுடியாது. ஹில்மாவின் சம்பளத்தில் இரண்டு பேரும் உருளைக்கிழங்கும் மீனுமாகச் சாப்பிட்டார்கள். வெறுமனே உட்காரப் பிடிக்காமல் ஆக்டா வீட்டுச் சுவருக்கெல்லாம் மஞ்சள் வண்ணம் அடித்தாள், பிறகு அது பிடிக்காமல் மறுபடி வெள்ளை அடித்தாள்.

“ஏண்டி, போய் அந்த மச்சினனைத்தான் கொன்னுட்டு வாயேன்” என்றாள் ஹில்மா, மூன்றாம் மாதம். “பெயின்ட் வாசனையில தலைவலிக்குது.”

“என்னால முடியாதுக்கா. போன ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல ஒரு அம்மா எங்கிட்ட வந்து, ‘எங்க வீட்டுக்காரர் ரொம்பப் படுத்தறார், நீங்க என்ன மருந்து யூஸ் பண்ணுவீங்க’ன்னு கேக்கறா. விளையாட்டுக்குக் கேக்கறாளா நெஜமாக் கேக்கறாளான்னுகூடத் தெரியல!”

ஹில்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக்டாவுக்கு வரவில்லை.

கடைசியில் இறங்கிவந்தது பிராண்ட்தான். அந்த மச்சினன் கதைக்கு அவர் போட்ட வேறொரு நடிகையைப் பார்த்து யாருக்கும் பயம் வரவில்லையாம். பேரம் இப்படி முடிந்தது: அந்தப் படத்தை ஆக்டா செய்துகொடுக்கவேண்டும், அடுத்து அவளுக்கு ஒரு சிரிப்புப் படம். அவள் எழுத்தில் கேட்டாள், அவர் எழுதிக்கொடுத்தார். அவள் மச்சினனைத் தள்ளினாள், அவன் செத்தான், அவளும் ஒரு லாரியில் அடிபட்டுச் செத்தாள்.

சிரிப்புப் படத்தின் பெயர் ‘என் வீட்டு நோயாளி’. நல்ல கதை. புருஷன் ஒருநாள் தும்முகிறான். மனைவிக்கு அவன்மேல் உயிர். அவனைப் படுக்கையில் தள்ளிப் போர்த்தி, வேளாவேளைக்குக் கோழி சூப்பை ஊட்டிவிடுகிறாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொல்லச் சொல்ல, ஜுரத்தில் பிதற்றுகிறான் என்று இன்னொரு கிண்ணம் கொண்டுவருகிறாள். நண்பர்களோடு மீன்பிடிக்கப் போக அவன் ஜன்னல் வழியாகத் தப்பிக்கப் பார்ப்பதுதான் மீதிப் படம். ஆக்டா அதில் தன்னை மறந்து நடித்தாள். டைரக்டர் ஃபெரென்ஸ் ஹால்மோஷ் ஹங்கேரிக்காரர், அவளுடைய கொலைப்படங்களில் பாதியை எடுத்தவர். அவரே காமிராவுக்குப் பின்னால் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார். விளக்குப் பிடிக்கிறவர்கள் சிரித்தார்கள். மேக்கப் பெண்கள் சிரித்தார்கள். டுலூத் கூடத்தின் பெஞ்சுச் சத்தம் மறுபடி காதில் கேட்டதாக ஆக்டா அக்காவிடம் சொன்னாள்.

படத்தை வெளியிடுமுன் ஜனங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க, கிளென்டேலில் ஒரு கொட்டகையில் முன்னறிவிப்பில்லாமல் போட்டார்கள். ஆக்டா தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் ஹில்மாவோடு உட்கார்ந்தாள். இரண்டு வரிசை முன்னால் பிராண்ட்.

திரையில் அவள் முகம் வந்ததும் கொட்டகை முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. புருஷன் தும்மினான். யாரும் சிரிக்கவில்லை. அவள் பதறிப்போய் அவன் நெற்றியைத் தொட்டாள். பக்கத்தில் ஒரு பெண், “ஆரம்பிச்சுட்டா” என்று கிசுகிசுத்தாள். திரையில் அவள் சமையலறைக்குப் போய்ச் சூப்பைக் கிளறியபோது பாப்கார்ன் கொறிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. அவள் கிண்ணத்தோடு வந்து, கரண்டியை ஊதி ஊதி, உலகத்திலுள்ள பிரியத்தையெல்லாம் கண்ணில் வைத்துக்கொண்டு புருஷன் வாய்க்கருகே கொண்டுபோனாள்.

பால்கனியிலிருந்து ஒருவன் கத்தினான்: “யோவ், அந்த சூப்பைக் குடிக்காதே!”

கொட்டகை கூரை பெயரச் சிரித்தது. ஆனால் அது அவளுடைய சிரிப்பு இல்லை என்று ஆக்டாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பயந்தவர்கள் பயத்தை உதறிவிட்டுக்கொள்ளும் சிரிப்பு அது. அதற்குப்பிறகு அவள் செய்த வேடிக்கை எதற்கும் ஒருவரும் உதட்டைக்கூட அசைக்கவில்லை. புருஷன் ஜன்னலில் ஏறியபோது, ‘ஓடு, ஓடு’ என்று நாலு பேர் எழுந்து நின்று குரல் கொடுத்தார்கள்.

படம் முடிந்து வெளியே வந்ததும் பிராண்ட் அவள் தோளில் கைபோட்டார். அவர் முகம் கல்யாணவீட்டுக்காரர் முகம்போல மலர்ந்திருந்தது.

“கண்ணு, இது தங்கச் சுரங்கம்.”

“யாருமே சிரிக்கலியே சார்.”

“அதான் சொல்றேன். மூணே மூணு காட்சி மாத்தினாப் போதும். சூப்புல நீ பொடி போடற. அவ்வளவுதான்.”

ஆக்டா அவரையே பார்த்தாள். ஹில்மாதான் பேசினாள்.

“எழுத்துல குடுத்தீங்களே ஐயா, சிரிப்புப் படம்னு?”

“எடுத்துக் குடுத்தேனே! எடுத்ததை என்ன பண்றதுங்கறது என் இஷ்டம். வக்கீலைக் கேட்டுக்கோம்மா.”

கேட்டார்கள். வக்கீலும் அதையேதான் சொன்னார், அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அதே சமையலறை செட்டை மறுபடி போட்டார்கள். ஆக்டா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, உம்மென்று நின்றாள். ஹால்மோஷ் ஒரு விளக்கை மட்டும் உயரத்திலிருந்து இறக்கித் தரைக்குப் பக்கத்தில் வைக்கச்சொன்னார்.

“சரி அம்மணி, ஆரம்பிக்கலாம். சூப்பைக் கிளறுங்க. போன தடவை எப்படிச் சிரிச்சீங்களோ அதே மாதிரி சிரிங்க.”

“இப்ப நான் கொலைகாரி. கொலைகாரி எப்படிச் சிரிப்பாளோ அப்படித்தான சிரிக்கணும்?”

“வேண்டாம். ஒண்ணும் மாத்தாதீங்க. புருஷன் மேல உயிரையே வெச்சிருக்கீங்க, அவனுக்கு உடம்பு தேறணும். அவ்வளவுதான்.”

“அப்ப விஷம் போடறது?”

“அதைத் தனியா ஒரு கையை மட்டும் எடுத்து ஒட்டிக்குவோம். உங்க கைகூட வேண்டாம்.”

ஆக்டா கரண்டியைக் கீழே வைத்தாள். “மிஸ்டர் ஹால்மோஷ், ஒரு கேள்வி. நேராப் பதில் சொல்லுங்க. இத்தனை வருஷமா நான் உங்க படத்துல என்னதான் பண்ணேன்?”

அவர் தலையைச் சொறிந்தார். “சொன்னாக் கோவிச்சுக்குவீங்க.”

“ஏற்கெனவே கோவத்துலதான் இருக்கேன்.”

“உங்க மூஞ்சியில எதையும் மறைக்கத் தெரியாது அம்மணி. மனசுல இருக்கறது அப்படியே தெரியும். நல்ல மனசு. ஜனங்க அதைப் பாக்கறாங்க, அவங்களால நம்ப முடியல. இவ்வளவு நல்லவ ஒருத்தி இருப்பாளா, எதையோ ஒளிக்கறான்னு அவங்களாவே நெனச்சுக்கறாங்க. மீதியை விளக்கு பாத்துக்கும்.”

“அப்ப நான் நடிக்கவே இல்ல?”

“உங்களை மாதிரி யாரும் நடிக்க முடியாதுன்னு சொல்றேன்.”

“ரெண்டும் ஒண்ணா?” என்று கத்தினாள் ஆக்டா. “நான் ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சிருக்கேனே! இந்தக் கொலைகாரி சின்ன வயசுல என்ன கஷ்டப்பட்டாளோ, ஏன் இப்படி ஆனாளோன்னு ஒவ்வொருத்திக்கும் ஒரு கதையே கட்டி வெச்சுக்கிட்டு வந்து நின்னிருக்கேன். நீங்க விளக்கை நகர்த்திட்டுப் போயிட்டீங்க!”

அவள் கரண்டியை எடுத்து வீசினாள். அது தரைக்குப் பக்கத்திலிருந்த விளக்கில் பட்டு, விளக்கு வெடித்து, அவளே பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். வேறு விளக்கு கொண்டுவரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, கரண்டியை வாங்கி, சூப்பைக் கிளறிச் சிரித்தாள். போன தடவை சிரித்ததுபோலவே.

பெயரை ‘கவனிப்பு’ என்று மாற்றிப் படத்தை வெளியிட்டார்கள். கடைசியில் அவள் கிண்ணங்கள் மாறிப்போய்த் தன் சூப்பையே குடித்துச் சாகிறாள். படம் ஊரையே உலுக்கியது. பல வீடுகளில் மனைவி சூப் வைத்தால் புருஷன் முதலில் நாய்க்கு ஊற்றிப் பார்க்கிறானாம் என்று பத்திரிகைகள் எழுதின. அவளுடைய வாழ்நாளின் சிறந்த நடிப்பு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ‘அந்த அன்பான புன்னகைக்குள் அவர் எத்தனை நஞ்சைப் பொதிந்து வைத்திருக்கிறார்!’ என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்ததை ஹில்மா காலை உணவின்போது சத்தமாகப் படித்தாள்.

“நிறுத்துக்கா.”

“இன்னும் இருக்குடி. ‘ஒவ்வொரு கண்ணசைவும் திட்டமிட்ட...’”

“அக்கா, காபி கெட்டிலை உன் தலையில கவுத்துடுவேன்.”

“பாரு, பேப்பர்ல சரியாத்தான் போட்டிருக்கான்” என்றாள் ஹில்மா.

ஆக்டா இன்னும் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தாள். பிறகு ஒப்பந்தம் முடிந்தது. அந்த இருட்டுப் படங்களின் காலமும் அதோடு முடிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் வீட்டில் டெலிவிஷன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பிராண்ட் பெரிய வண்ணப் படங்களில் குதிரைகளையும் கப்பல்களையும் நிறுத்திக்கொண்டிருந்தார். அவளுக்கு வந்தது ஒரே ஒரு வேஷம்: ஒரு கொலைகாரியின் அம்மா. மாட்டேன் என்றாள். ஒரு காபி கம்பெனி டெலிவிஷன் விளம்பரத்துக்குக் கூப்பிட்டது. அவள் சந்தோஷமாகப் போய், சிரித்துக்கொண்டே கோப்பையில் காபியை ஊற்றினாள். எடுத்ததைக் கம்பெனிக்காரர் இரண்டுமுறை போட்டுப் பார்த்தார். கடைசியில், “தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நானே இந்தக் காபியைக் குடிக்க மாட்டேன்” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தவள், நாற்காலியில் தொப்பென்று விழுந்து, ஷூவை ஒவ்வொன்றாகச் சுவரில் எறிந்தாள்.

“என்னால ஒரு காபி ஊத்த முடியலக்கா. ஒரே ஒரு காபி!”

ஹில்மா அன்று கிண்டல் செய்யவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “உன்னை இந்த ஊர்லதான எல்லாருக்கும் தெரியும்? தெரியாத ஊரா ஒண்ணு பாரு.”

“நாடு பூரா என் படம் ஓடியிருக்கு.”

“ஓடாத இடமும் இருக்கும்டி. தேடு.”

ஆக்டா தேடினாள். கோடைக்காலத்தில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் ஒரு கம்பெனியில், சினிமாப் பெயரை விட்டுவிட்டு, ஆக்டா நீஸ்ட்ரோம் என்றே சேர்ந்தாள். ஹில்மாவும் வேலையை உதறிவிட்டு டிக்கெட் கிழிக்கவும் துணி துவைக்கவும் கூடப் போனாள். முதல் வருஷம் பெரிய ஊர்களில் ஒன்றும் நடக்கவில்லை. பெயர் மாறினாலும் முகம் மாறவில்லையே. ஓஹையோவில் அவள் மேடைக்கு வந்ததும் முன்வரிசைக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இந்தியானாவில் அவள் கேக் வெட்டக் கத்தியை எடுத்தபோது ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். ஆக்டா பல்லைக் கடித்துக்கொண்டு கேக்கை வெட்டினாள்.

இரண்டாம் வருஷம் அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவே இருந்த ஓர் ஊருக்குப் போனார்கள். அங்கே இருந்த ஒரே கொட்டகை கௌபாய் படம் மட்டும்தான் போடும். கொலைப்படம் பார்ப்பது பாவம் என்று அவ்வூர்ப் பாதிரியார் சொல்லிவைத்திருந்தார், ஜனங்களும் கேட்டு நடந்தார்கள். பள்ளிக்கூடக் கூடத்தில் மத்தியான நாடகம். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பண்ணை வீட்டுப் பெண்கள், மடியில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆக்டாவுக்குச் சம்பந்தியம்மா வேஷம். அவள் உள்ளே வந்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்தாள்.

முன்வரிசையில் ஒரு பருத்த அம்மாள், “ஐயோ, எங்க நாத்தனார் மாதிரியே இருக்காளே!” என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆக்டா ஒரு கணம் அடுத்த வசனத்தை மறந்து நின்றாள். அதையும் வேடிக்கை என்று நினைத்து மறுபடி சிரித்தார்கள். அதற்குப்பிறகு அவள் என்ன செய்தாலும் சிரித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி, எழுந்தாலும் சரி. கேக் வெட்டக் கத்தியை எடுத்தபோது, “பெரிய துண்டா வெட்டும்மா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமி, பக்கத்திலிருந்தவர் அவர் முதுகைத் தட்டவேண்டியதாயிற்று. திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஹில்மா துவைத்த துணி ஒன்றால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் அந்தப் பருத்த அம்மாள் ஒரு ஜாடி ஊறுகாயோடு மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள். ஆக்டாவின் கையைப் பிடித்து அதில் ஜாடியைத் திணித்தாள்.

“எங்க வீட்டு வெள்ளரிக்கா. வயிறு வலிக்கச் சிரிச்சேம்மா. இவ்வளவு தெறமையை வெச்சுக்கிட்டு ஏன் இப்படி ஊர் ஊரா அலையறே? சினிமாவுக்கு முயற்சி பண்ணியிருக்கலாமே?”

ஹில்மா திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். ஆக்டாவுக்குச் சுர்ரென்று ஏறியது. எட்டு வருஷம், அதற்குமேல் மூன்று வருஷம், புருஷன்கள், மச்சினன், சூப் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன. சொல்லப்போனால் சாயங்காலம்வரை சொல்லவேண்டியிருக்கும். அந்த அம்மாளோ நிஜமான வருத்தத்தோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போய்ப் பாத்தேங்க” என்றாள் ஆக்டா. “மூஞ்சி சரியில்லன்னுட்டாங்க.”

“அவனுங்க கிடக்கறானுங்க” என்றாள் அந்த அம்மாள். “ஜாடியத் திறந்து ஒண்ணு சாப்பிட்டுப் பாரு.”

ஆக்டா திறந்து சாப்பிட்டாள். உப்பு கூடுதல். நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்றும் எடுத்துக்கொண்டாள்.